நாலு புள்ளியும் ஒரு கோடும்

தேனி ஆஸ்பத்திரியில், மங்கிய மதிய வெளிச்சத்தில் டாக்டரம்மா ஒரு தாளில் வயிற்றை வரைகிறார். கம்பத்திலிருந்து வந்திருக்கும் ஷரீபாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், ஆரம்பநிலை. திறந்து அறுத்தால் நடுவே நீளமாக ஒரு கோடு. துளை போட்டால் நாலு புள்ளிகள். "ரெண்டுலயும் கர்ப்பப்பையை எடுத்துருவோம். குணமாகுறதும் ஒண்ணுபோலத்தான். துளைன்னா சீக்கிரம் எந்திரிச்சு நடமாடலாம்." மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. ஷரீபா அந்தக் கோட்டையே பார்க்கிறாள். அவள் கை சேலைக்கு மேலாக அடிவயிற்றில் போய் நிற்கிறது. "இங்கன பழைய தையல் ஒண்ணு இருக்கு. துளைன்னா அதைத் தொடமாட்டீகளா?" "தொடமாட்டோம்மா. எப்பப் போட்டது?" "இருபத்திரண்டு வருசமாச்சு. பொம்பளப்புள்ள. மூணு நாள்தான் இருந்துச்சு." பக்கத்தில் கணவர் ஜெய்லானி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "அப்பத் துளையே போடுங்க," என்கிறாள் ஷரீபா. "அவ இருந்த இடந்தான் போகுது. வந்த வழியாச்சும் இருக்கட்டும்."