அண்ணன் இழுக்காத மூச்சு

தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் அந்த நால்வர் குழுவுக்கு முன்னால் நின்று கைகாட்ட ஆளில்லை. அண்ணன்காரன் சர்ரென்று மூக்கால் மூச்சை இழுத்தால் எல்லோரும் தொடங்க வேண்டும். மறுபடி இழுத்தால் நிறுத்த வேண்டும். சுவரையொட்டி நின்று பெரிய டிரம் வாசிக்கும் தங்கைக்கு அந்தச் சத்தம் அத்துப்படி.

அன்றும் மூச்சுச் சத்தம் கேட்டது. பிசிறில்லாமல் தொடங்கினார்கள். முடிக்க வேண்டிய இடம் வந்தது, தாண்டியும் போய்விட்டது.

"என்னண்ணா, முடிக்கலையா?"

"ரெண்டு தடவை இழுத்துட்டேன். யாரு கையாவது நின்னுச்சா பாரு."

அவள் கையும்தான் நிற்கவில்லை.

"ஆரம்பிச்சு வச்சதும் நான் இல்லம்மா. அப்ப நான் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டிருந்தேன்."

கேட்க வந்தவர்கள் கைதட்டினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி தட்டிவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விளக்கணைக்க வந்தவர், "இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்றார். அண்ணனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.

தங்கையின் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். ஆனாலும் அவள் பிடரி முடி அந்தச் சுவர்ப் பக்கமாகவே இழுபட்டு நின்றது. தொடங்கும்போது கேட்ட மூச்சை அங்கே யாரோ இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.