சின்ன மீனுக்குத் தாங்காத தீனி

அன்று தோட்டத்துக் குளத்தில் இருந்தவர்கள்: தங்க மீன்கள் ஏழு, தவளை ஒன்று, நத்தை ஒன்று.

நத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வீட்டு ஐயா மீன்களுக்குத் தீனி போட்டிருந்தார். அவர் மறந்திருப்பார் என்று பத்து மணிக்கு அம்மாவும் போட்டார். இரண்டு முறையும் மீன்கள் பட்டினி கிடந்தவைபோல வாயைத் திறந்தன. மீந்தது முப்பத்தொரு உருண்டை. நத்தையின் வயிறு நாலுதான் கொள்ளும். மற்றவை அடியில் அழுகி, தண்ணீர் கலங்கியது. சின்ன மீன் மூச்சு முட்டிச் சாய்ந்து நீந்தியது.

"செவலையண்ணே, இன்னொரு பிடி விழுந்தா சின்னது தாங்காது. யார் வந்தாலும் வாயை மூடிக்கிட்டு அடியிலேயே கிடங்க," என்றது நத்தை.

"எங்களைச் சோத்துக்கு அலையுறவங்கன்னு நினைச்சியா? சத்தியமா மேலே போகமாட்டோம்," என்றது பெரிய மீன் செவலை.

"நிழல் விழட்டும், பார்ப்போம்," என்று தவளை சிரித்தது.

மாலையில் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் நிழல் விழுந்தது. செவலையின் வாய்தான் முதலில் மேலே வந்தது. பின்னாலேயே மற்ற ஆறும் வந்தன.

"ஐயோ பாவம், யாருமே போடலையா?" என்று விருந்தாளி கரையில் இருந்த தீனி டப்பாவைத் திறந்து அள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை ஐயாவின் நிழல் விழுந்தது. மேலே திறந்த வாய்களை நத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. ஆறு.