அடுப்புச் சாம்பல்

இந்நேரம் மாதா கோயிலில் முழங்காலில் நிற்க வேண்டிய கிளாரிசா, ஜொகூர் பாரு திடலுக்கு வெளியே நீண்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வரிசை நகர்வதாக இல்லை.

அன்று சாம்பல் புதன். காதலர் தினமும் அதே நாளில் வந்து தொலைத்தது. முப்பது வருடத்துக்கு முன் பிரிந்துபோன மலாய் ராக் குழு ஒன்று, அதைச் சாக்கிட்டு ஒரே ஒரு மாலை மட்டும் மறுபடி சேர்ந்து பாட வந்திருந்தது. வீட்டு அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டு, பள்ளிக்கூடக் காலத்திலேயே அவள் பைத்தியமாகிவிட்ட குழு அது.

அம்மா பியாட்ரிஸிடம், வேலை முடிந்து டவுன் கோயிலில் மாலைப் பூசை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். தான் உலு திராம் கோயிலுக்குப் போய்க்கொள்வதாக அம்மா சொன்னார். எந்த ஃபாதர், யார்கூடப் போகிறாய் என்று எப்போதும் குடைந்தெடுப்பவர், அன்று ஒன்றுமே கேட்கவில்லை. தப்பித்தோம் என்று கிளாரிசா நழுவிவிட்டாள்.

மாட்டினால் திட்டோடு போகாது. தினமும் விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவள், அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்க ஒரு வருடம் கெஞ்சி, போன வாரம்தான் அனுமதி வாங்கியிருந்தாள்.

"ஒன்ன நம்பித்தான் விடறேன். நீ ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, ரூம் கதை அதோட முடிஞ்சிச்சி," என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து வரும் காஸ்வே பாலத்து நெரிசலிலேயே பாதி உயிர் போயிருந்தது. மீதியை எடுக்க வாசலில் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார்கள், குடையையும் பிடுங்கினார்கள். உள்ளே நுழைந்ததும் மழை தூறியது.

முன்னால் பனைமர உயரத்தில் ஒருவர் நின்று மேடையை மறைத்தார். குழு வருவதாகக் காணோம். கிளாரிசா நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தாள். இந்திய முகம் எது தெரிந்தாலும் கோயில் ஆளோ என்று தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அப்போதுதான் முதல் கிட்டார் அலறியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அவள் குதித்தாள், கத்தினாள், கேசட்டில் தேய்ந்துபோயிருந்த பாட்டை நேரில் கேட்டபோது அழுதேவிட்டாள். இந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் நாலு காஸ்வே நெரிசலைத் தாங்கலாம் என்று தோன்றியது. கடைசிப் பாட்டு முடிந்து, மேடை விளக்கு அணையும்வரை அவள் நகரவில்லை.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. சாம்பல் புதன் பூசைக்குப் போகிறவர்களுக்கு ஃபாதர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு அனுப்புவார். அவள் நெற்றியோ கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது.

திடலோரம், அபாங் என்று எல்லாரும் கூப்பிடும் மலாய்க்கார அண்ணன் ஒருவர் கரியடுப்பில் சாத்தே இறைச்சிக் குச்சிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். விரத நாள், அந்த மணத்துக்கு வயிறு வேறு கூப்பாடு போட்டது. கறி வேண்டாம், அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கிடைக்குமா என்று மலாயில் கேட்டாள்.

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பழகிய காரியம்போல் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தந்தார். இன்றைக்கு உங்கள் ஆட்களுக்கு ஏதாவது பெருநாளா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போகும் காரில், போனைக் கண்ணாடியாக்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அம்மா நெற்றியில் சிலுவையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். பூசை எப்படி இருந்தது என்று கிளாரிசா இரண்டு முறை கேட்ட பிறகுதான் திரும்பினார். கிளாரிசாவுக்குத் தன் காதே இன்னும் இரைந்துகொண்டிருந்ததால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா எழுந்து பக்கத்தில் வந்தார். மகளின் நெற்றியருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஃபாதர் பழைய குருத்தோலையை எரிச்சித்தானே சாம்பல் எடுப்பாரு. இதுல சாத்தே வாசம் வருதே?"

போயிற்று. சிங்கப்பூர் அறை, தோழிகள், விடியும்வரை தூக்கம், எல்லாம் போயிற்று. இனி மறைத்துப் பயனில்லை என்று கிளாரிசா வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். தன் நெற்றியை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த அபாங் ஒனக்கும் காகிதத்துல மடிச்சித்தான் குடுத்தாரா?"