ஊடு பார்க்க வந்த ராத்தா

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் ஜவுபர் அடித்த பெயின்ட்டில், சுவரோடு சேர்ந்து வீட்டுப் பூனையும் பச்சையானது. மச்சான் வீட்டு சோபா இரவலாக வந்து குந்தியது. சுவர் வெடிப்பை மறைத்துக்கொண்டு அலுமாரி நின்றது.

"இந்த ஏசி வேலை செய்யாதே?" என்றாள் மனைவி கைருன்னிஸா.

"அது குளிருக்கில்லடி, கண்ணுக்கு."

வந்த மூத்த பெண்ணை ஜவுபர் அக்கா முறையில் ராத்தா என்று அழைத்தார். ராத்தா டைல்ஸைக் காலால் தட்டிப் பார்த்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார். மேலே இன்னொரு மாடி தாங்குமா என்று தூணையும் தடவிப் பார்த்தார். அலுமாரியை மட்டும் நகர்த்தவில்லை. ஜவுபர் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்.

"ஊட்டு உறுதிப் பத்திரத்தில வில்லங்கம் ஒண்டும் இல்லியே தம்பி?"

"ஒண்டுமில்ல ராத்தா. சுத்தமான உறுதி."

"அப்ப சரி. சீதன ஊடு நல்லாப் புடிச்சிரிக்கி. நிக்காஹ்வ எப்ப வைப்பம்?"

கைருன்னிஸா தயங்கினாள். "மகள் உள்ளுக்கு இரிக்கா ராத்தா. நீங்க இன்னம் பாக்கல்லியே?"

"புள்ளைக்கென்ன! அது ஊட்டோட வாறதுதானே."

காலையிலிருந்து ஜவுபர் முகத்தில் ஒட்டிவைத்திருந்த சிரிப்பு கழன்று விழுந்தது.

"ராத்தா, உங்கட மகனுக்கு ஊடுதான் தேவையெண்டா, அடுத்த தெருவில ஒண்டு விலைக்கு இரிக்கி," என்றார். "அதில பொண்ணுக் கரைச்சலும் இல்ல."