ஊர் சுற்றிக் காட்டியவர்

"மாப்ளே, படகுத்துறைன்னு சொல்லி எங்களை ஒரு மதில் சுவர் முன்னாடி கொண்டுவந்து நிறுத்திட்டியே" என்றார் டிரைவர்.

இஸ்திரிக்காரருக்கு வியர்த்தது. அவர் பார்த்த டிக்கெட்டில் இந்தத் தெருப் பெயர்தான் இருந்தது. அது எந்தக் காலத்து டிக்கெட்டோ, யார் கண்டது.

"போன மாசம் வந்தப்பகூட இங்கேதான் ஏறினேன். அதுக்குள்ள மாத்திட்டானுங்க போல" என்றார், கொஞ்சமும் அசராமல்.

"மாத்துவானுங்கடா. பெரிய ஊர்ல எதுதான் நின்ன இடத்துல நிக்குது" என்று ஒத்து ஊதினார் கம்பவுண்டர். "அந்தப் பாலத்துக்கு அடியில கூட்டமா இருக்கே, அங்கே போய்ப் பார்ப்போமா?"

துறை அங்கேதான் இருந்தது. இவனுக்குக் கழுகுக் கண்தான் என்று நினைத்துக்கொண்டார் இஸ்திரிக்காரர்.

மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். டிரைவரின் தங்கையைத்தான் இஸ்திரிக்காரர் கட்டியிருந்தார். நண்பர்கள் இருவரும் ஊர் பார்க்க வந்து இறங்கி, "நீ லீவு போட்டு வந்து சுத்திக் காட்டினாத்தான் கிளம்புவோம். இல்லேன்னா லாட்ஜிலேயே குப்புறப் படுத்துக் கிடந்துட்டுத் திரும்பிப் போறோம்" என்று அடம் பிடித்தார்கள். அப்படியே படுத்துக் கிடப்பதாகப் போனிலும் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அவர் லீவு கேட்டார். மேலதிகாரி ஒன்றுக்கு இரண்டு முறை, "உனக்கா லீவு?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடம். அதற்கு ஜன்னல் கிடையாது. வார விடுமுறையிலும் கூடுதல் சம்பளத்துக்காக அங்கேயே நிற்பார். விருந்தாளிகளின் துணியை மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். படகு டிக்கெட், மியூசியம் டிக்கெட், ஊர் வரைபடம் என்று ஏதாவது வரும். இருப்பதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்குமுன் ஒருமுறை படித்துக்கொள்வார். அவர் பார்த்த ஊர் அவ்வளவுதான்.

"இன்னிக்குப் படகுல போறேன். சத்தம் கேட்குதா? அது இன்ஜின்" என்று சலவை மெஷின் பக்கத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்வார். முதல் தடவை அவள் அழக்கூடாதே என்பதற்காகச் சொன்னது. பிறகு ஒரு பொய்க்கு ஒன்பது பொய்யாகிவிட்டது.

இன்று மச்சான் முன்னால் சாயம் வெளுத்தால், நேரே அவள் காதுக்குப் போய்விடும். இத்தனை வருஷமாக வெளிச்சத்தையே பார்க்காமல் கிடந்தீர்களா என்று சோறு தண்ணி இல்லாமல் அழுவாள். என்ன ஆனாலும் சரி, இன்று முழுவதும் சமாளித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

படகில் டிரைவர் அவரை ஓரமாகத் தள்ளினார். "எனக்குத் தலை சுத்தும். நீதான் பழகினவன், அங்கே உட்காரு." தண்ணீர் முகத்தில் தெறித்தபோது, சலித்துப்போனவன்போல் இருக்க வேண்டும் என்பதே இஸ்திரிக்காரருக்கு மறந்துவிட்டது. மியூசியத்தில் யானை எலும்புக்கூட்டின் முன் வாயைப் பிளந்து நின்றார். உள்ளே ஏ.சி. குளிரில் உடம்பு உதறியது. இந்த வெயிலில் எதற்கு என்று அவர் காலையில் கேலி செய்த கம்பளிச் சட்டையைக் கம்பவுண்டர் எடுத்து அவர் தோளில் போட்டார்.

மாலைக்குள் டிரைவரின் குதிகால் கொப்பளித்துவிட்டது. கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்த டவருக்குப் போகும் வழி இஸ்திரிக்காரருக்குச் சரியாகத் தெரியாது. தப்பிக்க இதுதான் சமயம்.

"டவர் எங்கேயும் ஓடிடாது மச்சான். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"ஏறாமப் போனா என் தங்கச்சி முகத்துல முழிக்க முடியாது."

"கால் இப்படி இருக்கே."

"இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு."

ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தார். கேட்டுக்கேட்டு வழி கண்டுபிடிக்கலாம் என்று இஸ்திரிக்காரர் நினைத்திருந்தார். கேட்கும் வேலையே வரவில்லை.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஊர் முழுவதும் காலடியில் கிடந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தன் ஹோட்டலைக் கண்டுபிடித்தார். அதற்கு இவ்வளவு உயரம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கண்ணுல தூசி" என்றார்.

"இருக்கும், இருக்கும். இந்தக் கோட்டைக் கொஞ்சம் பிடி. பாத்ரூம் போயிட்டு வந்துடறோம்" என்று போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டிரைவர் கம்பவுண்டரையும் இழுத்துக்கொண்டு போனார்.

கையில் துணி வந்தால் விரல் சும்மா இருக்குமா? தானாகக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. வெளியே வந்தவை டிக்கெட்டுகள். படகு, மியூசியம், டவர். ஒவ்வொன்றிலும் இரண்டு. இன்று வாங்கியதெல்லாம் தன் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது? தேதியைப் பார்த்தார். முந்தாநாள். இருவரும் லாட்ஜில் குப்புறப் படுத்துக் கிடந்ததாகச் சொன்ன நாள்.

சட்டப்படி இருந்ததை இருந்தபடியே உள்ளே வைத்தார்.

"நல்லா சுத்திக் காட்டினே, மாப்ளே" என்றபடி திரும்பி வந்தார் டிரைவர்.

"நீயும்தான், மச்சான்" என்று கோட்டை நீட்டினார் இஸ்திரிக்காரர்.

டிரைவர் கோட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? 'அவர் போற படகுல எல்லாம் துணி துவைக்கிற சத்தம் கேட்குது, ஒரு நாளாவது வெளியே கூட்டிட்டுப் போண்ணா'ன்னு சொல்லி எங்களை அனுப்பி வெச்சதே அவதான்."