ஐந்தாம் மாடிக்குப் படியால்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கனகேஸ்வரியை கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்தியவர், எதிர்வீட்டுத் தமிழர் ஹியூபேட். அவள் கைக்குழந்தையோடு லிப்டுக்குள் ஏறினாள். அவர் உடனே இறங்கி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினார்.

ஒருமுறை என்றால் தற்செயல். ஒவ்வொரு முறையும் இதுதான்.

"பயம் அக்கா. யாழ்ப்பாணத்து ஆக்களோட நிண்டால் பொலிஸ் தன்னையும் பிடிக்குமெண்டு நினைக்கிறார்" என்றாள் தங்கை கௌரி. கம்பஸில் படிக்கிறவள். வாக்குவாதத்தில் தோற்றதாக அவளுக்கு ஞாபகமில்லை.

போன கிழமையும் ஒன்றில் வென்றிருந்தாள். குழந்தைக்கு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகொக்கல் ஊசி போடச்சொல்லியிருந்தார் டொக்டர். அரசாங்கக் கிளினிக்கில் இல்லை, பிரைவேட்டில்தான்.

"அவசியமெண்டால் கிளினிக்கிலயே போடுவாங்களே! இது கொம்பனிக்காரன்ர வியாபாரம். மூக்கொழுகிறதைத் தவிர பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள் கௌரி.

அதோடு ஊசிப் பேச்சு முடிந்தது.

அன்று பின்னேரம் ஹியூபேட்டைப் படியிலேயே மறித்தாள் கௌரி. அவர் ஐந்தாம் மாடியை எட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கனகேஸ்வரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், தமிழனே தமிழனைக் கண்டு ஓடினால், செக்பொயின்ற்காரனை நாங்கள் என்னெண்டு குறை சொல்லுறது?"

"நான் உங்களைக் கண்டு ஓடுறன் எண்டு ஆர் மகள் சொன்னது?"

"பின்ன ஆரைக் கண்டு?"

"அந்தக் குட்டியைக் கண்டு."

சிரித்தார். சேர்ட்டை ஒருபக்கம் தூக்கினார். வயிற்றில் நீளமான தழும்பு.

"புறக்கோட்டையில குண்டு வெடிச்சுக் காயப்பட்டபோது மண்ணீரலை எடுத்துப்போட்டாங்கள். அது இல்லாட்டில் உடம்புக்குக் கிருமியோட போராடுற பலம் குறைவு. சின்னப் பிள்ளையளின்ர மூக்கில நியூமோகொக்கஸ் கிருமி சும்மா இருக்குமாம். பிள்ளை சிரிச்சு விளையாடும். எனக்குத் தொத்தினால் ஆள் முடிஞ்சுது. எனக்கும் ஊசி போட்டதுதான். எண்டாலும் கவனமெண்டு டொக்டர் சொன்னவர்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் உங்கட அக்கா லிப்டில ஏறமாட்டா. கைப்பிள்ளையோட அஞ்சு மாடி ஏறுறதோ? நான் தனி ஆள்."

கௌரி வழிவிட்டு ஒதுங்கினாள்.

"பிள்ளைக்கு அந்த ஊசி போட்டாச்சுதானே? எனக்காகக் கேக்கேல்ல மகள். நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கூடுதலாப் பிடிக்கிறது இந்தக் குட்டியளைத்தான். போட்டால் மூக்கில கிருமி தங்கிறதும் குறையும். எங்களைப்போல ஆக்களுக்கு அது புண்ணியம்."

கௌரி அக்காவைப் பார்த்தாள். கனகேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை ஹியூபேட் லிப்டுக்குள் நிற்க, கனகேஸ்வரி குழந்தையோடு வந்தாள். வழக்கம்போல அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

அவள் இரண்டடி பின்னால் போய்ப் படிப்பக்கம் திரும்பினாள்.

"இறங்காதேங்கோ அங்கிள். ஊசி போடத்தான் போறம். எல்லா ஊசியும் போட்டு முடியுமட்டும் நாங்கள் படியால."