யாருடைய ரத்தம்?

"டாக்டர்! என் பிள்ளையைக் கடிச்சுக் குதறிடுச்சு! சீக்கிரம் பாருங்க!"

மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள் பேங்க் மேனேஜர். கையிலிருந்த துண்டுக்குள் கடுகு வெடவெடத்துக்கொண்டிருந்தது. கடுகு அவளுடைய கைக்கடக்கமான வெள்ளை நாய். வாயைச் சுற்றி ஒரே ரத்தம்.

கால்நடை டாக்டர் அதை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"எந்த நாய்?"

"எதிர் வீட்டு ஜிம் மாஸ்டரோடது. கன்னுக்குட்டி மாதிரி இருக்கும். ஆளும் அப்படித்தான், மீசையும் புஜமுமா! அந்த ஜாதி நாய்க்கு ரத்தத்துலேயே கடிக்கிற குணம்னு அவங்க குடிவந்த அன்னைக்கே சொன்னேன். யார் கேட்டாங்க? இன்னைக்கே புகார் கொடுத்து அதை விரட்டிட்டுதான் மறுவேலை."

"என்ன நடந்தது?"

"லிஃப்ட் கதவு திறந்தா உள்ளே அந்தப் பூதம் நிக்குது. கடுகு சும்மா குரைச்சுது, என் கையிலிருந்து துள்ளிக் குதிச்சுது. நான் பயத்துல கண்ணை மூடிட்டேன். தொறந்து பார்த்தா ரத்தம்! பதற்றத்துல கார் சாவியைத் தேடியே பாதி உயிர் போச்சு."

டாக்டர் ஈரப் பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தார். ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தார். புரட்டிப் போட்டும் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கீறல்கூட இல்லைம்மா."

"அப்போ இந்த ரத்தம்?"

"இது கடுகோட ரத்தம் இல்லை. பல்லிடுக்கைப் பாருங்க, கறுப்பு முடி. கடிச்சதே இவன்தான்."

மேனேஜர் குனிந்து பல்லிடுக்கைப் பார்த்தாள். அந்தப் பெரிய நாய் உறுமிய மாதிரிகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

"இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கானா?"

"கடின்னு சொல்ல முடியாது டாக்டர். விளையாட்டுக்கு... என் வீட்டுக்காரரை, அப்புறம் நாத்தனாரை."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"சிரிச்சோம். இத்தனூண்டு உடம்புக்கு எத்தனை கோபம் பாருன்னு தூக்கிக் கொஞ்சினோம். நாத்தனாரைக் கடிச்சப்போ மட்டும்..." மேனேஜர் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பிஸ்கட் கொடுத்தேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொறப்புல கொஞ்சம் வரும்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா மிச்சமெல்லாம் வளர்ப்புதான். பெரிய நாய் ஒரு தடவை உறுமினாலே வீடே சேர்ந்து அதட்டும். சின்னது கடிச்சாக்கூட பிஸ்கட் கிடைக்குது. அது என்னத்தைக் கத்துக்கும்?"

மேனேஜர் கடுகைப் பார்த்தாள். அது ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி அவள் விரலை நக்கியது.

"இனிமே மாத்த முடியுமா?"

"ஏன் முடியாது? அந்த ஜிம் மாஸ்டரையே கேளுங்க." டாக்டர் முழங்கைத் தழும்பைக் காட்டினார். "அவர் நாய் முதல்ல வந்தப்போ என்னையே பதம் பார்த்தது. எவனோ கட்டிப்போட்டு அடிச்சு அடிச்சு வெறியேத்தி வச்சிருந்தான். அதை இவர் எடுத்து வளர்த்தார். ஒரு தடவை கை ஓங்கினதில்லை. ஒரு தப்பைக் கண்டுக்காம விட்டதும் இல்லை."

மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அதுக்கு... காயம் பெருசா இருக்குமோ?"

"காது கிழிஞ்சிருக்கு. தையல் போடணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் பின்கதவைத் திறந்தார். வெளியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய நாயின் காதில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார் ஜிம் மாஸ்டர். அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த நாய் நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது.

"கடுகுக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்றார் அவர்.

மேனேஜர் அந்தக் கைக்குட்டையில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். டாக்டர்தான் சொன்னார்:

"உங்களுக்கு முன்னாடியே வந்துட்டார்மா. நான் ஊசியில நூலே கோத்துட்டேன். வாசல்ல உங்க குரலைக் கேட்டதும், 'அந்தக் குட்டியை முதல்ல பாருங்க டாக்டர். எங்களைப் பார்த்தா இன்னும் மிரளும். இவன் பெரியவன், கொஞ்ச நேரம் தாங்கிக்குவான்'னு சொல்லி அவர்தான் வெளியே கூட்டிட்டுப் போயிட்டார்."